படத்தில் சாராயக்கடை, நிஜத்தில் குப்பம்மாள் வீடு

1999, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. வேலூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம் நின்றுகொண்டே வந்து, காலை பத்து மணிக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோக்காரர் முருகனின் முதல் கேள்வியே, "கோயிலா சார், ஷூட்டிங் எடுத்த எடமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய ராஜகோபுரம் இருக்கும் ஊரில் இப்படியும் ஒரு கேள்வியா! கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஊரில் சாமியார்கள் மட்டும்தான் கண்ணில் படுகிறார்கள், சினிமாக்காரர்களுக்கு ரௌடிகள். வேர்க்கடலை விதைக்கிறவர்களும் டவுன் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்களும் என்ன ஆனார்கள்?

கோயிலில் தரிசனம் முடித்து, மாலை நான்கு மணிக்கு அதே முருகனின் ஆட்டோவில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் புறப்பட்டேன். ஏழு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். நான் கேட்காமலே முருகன் ஒரு தெருவுக்குள் திரும்பி நிறுத்தினார்.

"போன வருஷம் இங்க எடுத்த படத்துல வர்ற வில்லனோட சாராயக்கடை இதான் சார். எல்லாரும் பாத்துட்டுதான் போறாங்க."

ஓட்டு வீடு. சுண்ணாம்புக்கு அடியில் படக்காரர்கள் பூசிய பச்சை இன்னும் தெரிந்தது. வாசலில் வெளியூர் இளைஞர்கள் இருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, "ஒரு கிளாஸ் கிடைக்குமா?" என்று கேட்டுச் சிரித்தான்.

வீட்டுக்கார அம்மாள் குப்பம்மாள் புதுப்புடவையில் வெளியே வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் போயிடுங்கப்பா. போளூர்லேர்ந்து எம்பொண்ண பாக்க வராங்க. போன வாட்டி வந்தவங்க, சாராயம் வித்த வூடான்னு வாசலோட திரும்பிட்டாங்க."

"படக்காரர்கள் வெள்ளை அடித்துத் தரவில்லையா?" என்றேன்.

"நாலு நாள் படம் புடிச்சாங்க, அடிச்சுத் தரேன்னாங்க, போய்ட்டாங்க. நாங்களே மூணு வாட்டி அடிச்சிட்டோம். பச்ச ஜாஸ்தி, போவ மாட்டேங்குது."

என்ன அக்கிரமம்! நாலு நாள் படம் பிடித்தவர்களுக்கு ஒரு பெண்ணின் கல்யாணம் அவ்வளவு இளப்பமா? கோபத்தில் அந்த இளைஞர்களை நான் விரட்டிய விரட்டில் தெருவே வேடிக்கை பார்த்தது. முருகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆட்டோவைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் குறுக்கே நிறுத்தினார். "ரிப்பேர்னு சொல்லிக்கிறேன் சார். இனிமே எவன் சவாரி கூட்டியாறான்னு பாக்கறேன்."

ஐந்து மணிக்குப் போளூர்க்காரர்கள் தட்டோடு நடந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "சினிமால வந்த வூடுதானே இது?"

குப்பம்மாள் தயங்காமல் முன்னால் வந்தார்.

"எங்க மாமனார் கட்டின வூடுங்க. எம்பொண்ணு பொறந்த வூடு. சினிமாக்காரங்க நாலு நாள் இருந்துட்டுப் போனாங்க, அவ்ளோதான்."

மாப்பிள்ளையின் அப்பா பச்சை தெரிந்த அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.