அரைக் கப் காணும்

ஜெர்மனியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை கொரியன் படிக்க எதற்காக லண்டனுக்குப் போக வேண்டும் என்று கேட்காத சொந்தக்காரர் எனக்குக் கிடையாது. பல்கலைக்கழகம் மாணவர் பரிமாற்றத்தில் அனுப்புகிறது, போகிறேன் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாயை மூடினேன். அந்த இடத்தைப் பிடிக்க நான் அப்பாவோடு மல்லுக்கட்டிய கதையை யாருக்கும் சொல்லவில்லை.

லண்டன் மனோர் பார்க்கில் சித்தி வீட்டில் தங்க ஏற்பாடு. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே சித்தி தொடங்கிவிட்டார்.

“எக்கவுண்டன்சி படிக்கலாம், லோ படிக்கலாம். கொரியன் படிச்சு என்ன பிள்ளை செய்யப் போறாய்?”

“கதைக்கப் போறன், சித்தி.”

“ஆரோட?”

என்னிடம் கோபம் மட்டும் இருந்தது, அது தாராளமாக இருந்தது.

வகுப்பு தொடங்கும் முன் ஒரு தேர்வு வைப்பார்கள். அதைப் பார்த்து முதலாம் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ போடுவார்கள். ஜெர்மனியில் நான் ஏற்கெனவே முதலாம் நிலை படித்தவள். அதையே இங்கே மறுபடி படித்தால் என் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்காது. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போனால் அப்பா ஏசமாட்டார், ஒன்றுமே சொல்லமாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

எழுத்துப் பரீட்சை ஊத்திக்கொண்டது. கேள்விகள் கொரியனில், விளக்கங்கள் ஆங்கிலத்தில். ஆங்கிலம் எனக்குக் கொரியனைவிடக் கொஞ்சம்தான் மேல். ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் ஜெர்மனுக்கு மாற்றி, பிறகு கொரியனுக்குக் கொண்டுபோவதற்குள் நேரம் ஓடிவிட்டது. பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். எலிசபெத் லைன் ரயிலில் வீடு திரும்பும்போது அழுகை முட்டியது. அழவில்லை, பக்கத்தில் இருந்தவர் தமிழர்.

அடுத்த நாள் பேச்சுத் தேர்வு. நடத்தியவர் என் அம்மாவின் வயதுள்ள ஒரு கொரிய ஆசிரியை. எல்லோரும் அறையின் பின்னால் காத்திருக்க, ஒவ்வொருவராக முன்னே போய் அவருக்கு எதிரே உட்கார வேண்டும். கையில் ஒரு அட்டை தருவார்கள்: நீங்கள் ஒரு வீட்டுக்கு விருந்தினராகப் போயிருக்கிறீர்கள், வீட்டுக்காரர் தேநீர் தருகிறார், வாங்கி நன்றி சொல்லுங்கள், கொஞ்சம் பேசுங்கள். எனக்கு முன்னால் போன ஆங்கிலேயப் பையன் வெற்றுக் காகிதக் கப்பை வாங்கினான், நன்றி சொன்னான், மழையைப் பற்றிப் பேசினான், எழும்பினான். அவனுடைய உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

என் முறை வந்தது. ஆசிரியை கப்பை நீட்டி, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். “கென்சனாயோ,” என்றேன். பரவாயில்லை, வேண்டாம்.

சொன்ன பிறகுதான் அட்டை நினைவுக்கு வந்தது. ஆனால் நான் என்ன செய்ய? எங்கள் ஆட்கள் வீட்டில் கேட்டவுடனே “ஓம், தாங்கோ” என்று கையை நீட்டும் பிள்ளையை, அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் வற்புறுத்த வேண்டும். மறுபடியும் வேண்டாம். கடைசியில் “சரி, அரைக் கப் காணும், அதுவே போதும்” என்று இறங்கி வர வேண்டும். யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தந்ததில்லை, நாக்கில் ஊறிக் கிடக்கிறது.

ஆசிரியை என்னையே பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கப்பை என் பக்கம் தள்ளி ஏதோ நீளமாகச் சொன்னார். பாதிச் சொற்கள் எனக்குத் தெரியாதவை. ஆனாலும் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு வீட்டுக்காரி வேறு என்ன சொல்வாள், வந்த பிள்ளை வெறும் வாயோடு போவதா என்பதைத் தவிர?

இப்போதுதான் வீட்டில் குடித்தேன் என்றேன். அது அங்கே, இது இங்கே என்றார். உங்களுக்கு வீண் சிரமம் என்றேன். தண்ணீர் கொதித்துவிட்டது, இதில் என்ன சிரமம் என்றார். ‘தண்ணீர்’ மட்டும் விளங்கியது, மிச்சத்தை அம்மா எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் குரலை உயர்த்தினார், நான் கப்பைக் கையால் மூடினேன். எனக்குத் தெரியும் என்றே தெரியாத சொற்கள் எல்லாம் வந்து விழுந்தன. கடைசியில், சரி, பாதி மட்டும் என்றேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்துக்கொண்டே, இல்லாத தேநீரை விளிம்பு வரைக்கும் ஊற்றினார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

“உடனே வாங்கச் சொல்லித்தான் அட்டையில் இருக்கிறது,” என்றார் ஆங்கிலத்தில்.

“தெரியும், மன்னிக்கவும்.”

“நான் அப்படி வாங்கியிருந்தால் என் அம்மா எனக்கு அடி போட்டிருப்பார். உன் எழுத்து மோசம், உழைக்க வேண்டும். திங்கட்கிழமை இரண்டாம் நிலைக்கு வா.”

ஸ்டேஷனில் நின்று சித்திக்குப் போன் எடுத்துக் கத்தினேன். “சித்தி, பாஸ்!”

“என்ன கேட்டவை?”

“தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டு கேட்டவை. நான் வேண்டாம் எண்டு சொன்னனான்.”

“பின்ன வேற என்ன சொல்லுறது?” என்றார் சித்தி, இதெல்லாம் ஒரு பரீட்சையா என்ற குரலில்.

திங்கட்கிழமை முதல் வகுப்பில் ஆசிரியை என்னை எல்லோருக்கும் முன்னால் உட்காரவைத்து, இன்றைக்கு இவள்தான் வீட்டுக்காரி என்றார். முதல் விருந்தாளியாக வந்தது அந்த ஆங்கிலேயப் பையன். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அழகான உச்சரிப்பில் நன்றி சொல்லிக் கையை நீட்டினான்.

கப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “முதலில் வேண்டாம் என்று சொல்லு,” என்றேன், கொரியனில்.