பக்கத்துக்குப் பக்கம் உ

தாராவியில் என் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. அவன் தைக்கும் கேன்வாஸ் பைகள் அவனுடையவை என்று மட்டும் யாருக்கும் தெரியாது. தைத்து முடித்ததும் யாரோ ஒரு கம்பெனிக்காரரின் லேபிள் அதில் ஏறிவிடும். அதனால்தான் நெருளில் கடை திறக்கப்போகும் ஒரு மராத்திக்காரம்மா போனில் கூப்பிட்டு, "உங்கள் டிசைனைக் காட்டுங்கள், உங்கள் லேபிளோடேயே விற்கிறேன்" என்று இந்தியில் சொன்னதும் அவனைவிட எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டலாக் நான் போடுகிறேன் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். லேபிளில் என்ன பெயர் போடுவது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்ல, அது மட்டும் முடிவாகவில்லை.

ஐரோலி ஆபீசில் நாள் முழுக்க வேர்டில் கடிதம் அடிப்பவள் நான். கடிதத்தில் படம் கிடையாது என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. அந்தம்மா கேட்டலாக் பார்க்க வருகிற அன்று லீவு போட்டு, பட்டறையில் மெஷின்களுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்தேன். முதுகுப் பையின் படத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளினால் சாப்பாட்டுப் பை அடுத்த பக்கத்துக்கு ஓடியது. அதைப் பிடித்து இழுத்தால் பயணப் பை எழுத்துகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. எனக்குக் கோபம் வந்தால் கை நிற்காது. கண்டபடி ரைட் கிளிக் செய்துகொண்டே போனபோதுதான் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று ஒன்று கண்ணில் பட்டது. அழுத்தினேன். படம் அடங்கி, வரிக்குள் போய் உட்கார்ந்தது.

அட, படமும் ஒரு எழுத்துதான்! என்ன, கொஞ்சம் குண்டு எழுத்து. முன்னால் ஸ்பேஸ் தட்டினால் நகர்கிறது, என்டர் தட்டினால் இறங்குகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாப் படங்களையும் அப்படியே மாற்றி, ஒவ்வொரு பைக்கும் கீழே அதன் விவரத்தை அடித்து, பக்கத்துக்கு இரண்டு பை என்று கச்சிதமாக அடுக்கிவிட்டேன்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். "ஏட்டி, மேல உ எங்க?"

"இது கேட்டலாக்குண்ணே. கல்யாணப் பத்திரிகையா?"

"பிள்ளையார் சுழி இல்லாம நான் பில்லுகூட எழுத மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதா? போடுட்டி."

இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அவன். தமிழில் தடுக்காமல் அவன் எழுதுவது அந்த ஓர் எழுத்தைத்தான். மறுக்க மனசு வரவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் உ அடித்து என்டரைத் தட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு வரி இறங்கியதில் முதல் பக்கத்துக் கடைசிப் பையின் விவரம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. அங்கே இருந்த படம் மூன்றாம் பக்கத்துக்குத் தாவியது. சாப்பாட்டுப் பைக்கு மேலே 'லேப்டாப் வைக்கலாம்' என்று நின்றது. அந்த நேரம் பார்த்து போன். அந்தம்மா குர்லாவில் ரயில் மாறிவிட்டாராம், இதோ வந்துவிடுவாராம்.

"அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்னு வைக்க எடமே இல்லியா?" என்றான் அண்ணன், பாவமாக.

ஓரமா! பக்கத்தின் மேல் ஓரத்தில்தான் ஹெட்டர் இருக்கிறதே! உ-வை அந்த வரியோடு வெட்டி அங்கே ஒட்டினேன். ஓடிப்போன படங்களெல்லாம் ஒரே நொடியில் வீடு திரும்பின. சத்தமாகவே சிரித்துவிட்டேன். பிரிண்ட் எடுத்து வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஹெட்டரில் போட்டது எல்லாப் பக்கத்துக்கும் வந்துவிடும் என்பது. முதல் பக்கத்தில் மட்டும் இருக்கவேண்டிய பிள்ளையார் சுழி பக்கத்துக்குப் பக்கம் நின்றது. திருத்த நேரமில்லை, அந்தம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளில் விரலை மேலே கொண்டுபோய் உ-வின்மேல் வைத்தார். "யே ஆப்கா லோகோ ஹை?" இது உங்கள் சின்னமா என்று கேட்கிறார்.

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான். "ஹா மேடம். ஹமாராஹீ ஹை." எங்களுடையதேதான் என்கிறான்.

"அச்சா ஹை. இதையே லேபிளில் போடுங்கள்" என்றார்.

போன வாரம் வாஷியில் ரயிலுக்கு நிற்கிறேன். முன்னால் நின்ற ஒரு பெண்ணின் தோளில் நீலப் பை. அதன் மூலையில் சிவப்பு நூலில் உ. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "இது எங்க அண்ணன் பை" என்று இந்தியில் சொன்னேன். அவள் திடுக்கிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இல்லை, இது என்னுடையது" என்றாள்.