பூட்டாத டிஸ்க்

இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் வேண்டாத சாமான்களை எல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை வாசலுக்கு முன்னால் தெருவோரப் புல்லில் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் புல்லுக்கு நேச்சர் ஸ்ட்ரிப் என்று பெயர். கால் உடையாத கதிரை, கண்ணாடி கீறாத அலுமாரி என்று ஊரில் இருக்கும் நீங்கள் பார்த்தால் வயிறு எரியும். கவுன்சில் லொறி வந்து அள்ளிப் போகும்வரை யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம். மெல்பேர்னுக்கு வந்த புதிதில் அந்தப் பக்கம் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நானே முதல் ஆளாகப் போய் நிற்க ஆரம்பித்தேன். கதிரைக்காக அல்ல, பழைய டிவிடி மெஷினுக்காக.

ஐந்தாவது மெஷினைத் தூக்கிக்கொண்டு வரும்போது பக்கத்து வீட்டு மார்கரெட் பார்த்துவிட்டாள். மறுநாள் ஒரு பை நிறையப் படங்களோடு வந்து கதவைத் தட்டினாள். "உனக்குப் படம் பார்க்க இவ்வளவு ஆசையென்று தெரியாமல் போய்விட்டதே!" என்னிடம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க், அதை ஓட்டக்கூடிய மெஷினைத்தான் தேடுகிறேன் என்று விளக்கினேன். "அப்படியானால் டிஸ்க்தான் பழுது. எறிந்துவிடு" என்றாள் அன்பாக. பையை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? ஐந்தாவது மெஷினும் அந்த டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு வெளியே துப்பிவிட்டது.

அது என் அக்கா அனுப்பிய டிஸ்க். நான் இங்கே வந்த வருடம் அத்தான் கண்டி டவுனில் ஒரு டிவிடி ரெக்கார்டர் வாங்கினார். டிவியில் ஓடுவதை அப்படியே டிஸ்க்கில் பதியும் மெஷின். அக்காவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை, ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் எனக்காக ரிமோட்டும் கையுமாக டிவிக்கு முன்னால் கழித்தாள். யாராவது மெல்பேர்னுக்கு வந்தால் முறுக்குப் பைக்கு நடுவில் நாலு டிஸ்க் வந்து சேரும். ஹந்தானை மலை டிவி கோபுரத்தின் பக்கம் திருப்பிவைத்த அன்டனா எங்களுடையது. மழை பிடித்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். புள்ளியைப் பார்த்தே அந்த ஞாயிறு கண்டியில் மழை என்று தெரிந்துகொள்வேன்.

விளம்பரம் மட்டும் பதியக் கூடாது என்பது அக்காவின் சட்டம். விளம்பரம் வந்தால் ரெக்கார்டை நிறுத்திவைப்பாள், முடியும்போது ஓடவிடுவாள். ஆனால் அவள் விரல் எப்போதும் கொஞ்சம் முந்திவிடும். ஒரு பிஸ்கட் விளம்பரத்தின் கடைசி வரியோ ஒரு சவுக்காரப் பாட்டின் வாலோ டிஸ்க்கில் விழுந்துவிடும். உண்மையைச் சொன்னால், நான் திருப்பித் திருப்பிப் பார்த்தது அந்த வால்களைத்தான். ஒருநாள் போனில், விளம்பரத்தோடு சேர்த்தே அனுப்பச் சொன்னேன்.

"அங்க போயி மூளை கொழம்பிருச்சா ஒனக்கு? சவுக்காரத்த காட்டவா நான் ஞாயித்துக்கெழம பூரா குந்திக்கிட்டு இருக்கேன்?" என்றாள்.

பதிந்து முடிந்ததும் டிஸ்க்கைப் 'பூட்ட' வேண்டும். அது அக்காவின் சொல். அதற்கு மெஷினில் ஒரு பட்டன் உண்டு. பூட்டாத டிஸ்க் பதிந்த மெஷினைத் தவிர வேறு எதிலும் ஓடாது. பூட்டிவிட்டால் எங்கேயும் ஓடும், ஆனால் அதன் பிறகு அதில் எதையும் பதிய முடியாது.

ஞாயிறு காலையில் நேயர்கள் போன் எடுத்து, சொந்தக்காரர் பேரையெல்லாம் அடுக்கி, பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? அதில் எப்படியாவது என் பேரைச் சொல்லிவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. மாதக்கணக்கில் லைன் கிடைக்கவில்லை. கிடைத்த அன்று எனக்குப் போன் எடுத்துக் கத்தினாள். "டிவியில பேசிட்டேன்டி! ஒம் பேரத்தான் மொதல்ல சொன்னேன். ரெக்கார்ட் பண்ணி, இன்னைக்குப் பயணம் போறவங்ககிட்டயே குடுத்தும் விட்டுட்டேன்." அந்த அவசரத்தில்தான் பூட்ட மறந்துபோனாள்.

டிஸ்க் ஓடவில்லை என்று சொன்னேன். "விடு, அடுத்த தடவ வரும்போது கொண்டு வா. ரெண்டு நிமிஷத்துல பூட்டித் தாரேன்" என்றாள்.

அடுத்த தடவை நான் போனது அவளுடைய சாவுக்கு. போட்டிருந்த உடுப்போடு ஓடினேன். டிஸ்க் ஞாபகத்தில் இல்லை. அவள் குரல் வேறு எதிலும் பதிந்திருக்கவில்லை. கல்யாண வீடியோவில்கூட அவள் பேசும் இடமெல்லாம் பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். அதன் பிறகு கண்டிக்குப் போக மனம் வரவில்லை. இங்கேயே ஏதாவது ஒரு மெஷின் ஏமாந்து அதை ஓட்டிவிடாதா என்று தெருவோரமெல்லாம் தேடினேன்.

இந்த வருடம் அத்தான் போன் எடுத்தார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாராம். "அந்த ரெக்கார்டர இனி யாரு பாக்குறா? பழைய சாமான்காரருக்குக் குடுத்துரவா?"

"தொடாதீங்க அத்தான்!" நான் போட்ட சத்தத்தில் மார்கரெட்டின் நாய் குரைத்தது. அடுத்த மாதமே டிஸ்க்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

கண்டி வீடு முழுக்கப் பெயின்ட் வாடை. அத்தான் மெஷினைத் துடைத்துவைத்திருந்தார். டிஸ்க் உள்ளே போனதும் ஒரு முரண்டும் இல்லாமல் ஓடியது. இரண்டு பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வந்தார். "கண்டியிலிருந்து ஒரு நேயர் காத்திருக்கிறார். சின்ன விளம்பர இடைவேளைக்குப் பிறகு அவரோடு பேசுவோம்." நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

படம் ஒருமுறை துள்ளியது. அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். "...சாப்பிட்டியாடி?" என்றது அக்காவின் குரல். அவ்வளவுதான். அவர் நன்றி சொல்ல, பாட்டு தொடங்கிவிட்டது.

விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளம்பரம் வந்ததும் பழக்க தோஷத்தில் ரெக்கார்டை நிறுத்தியிருக்கிறாள். லைன் கிடைத்த பதற்றத்தில் ஓடவிட மறந்து, பேசி முடிக்கும்போதுதான் ரிமோட்டை அமுக்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு எனக்கு ஒரு வாலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறாள். இந்த ஒரு சொல்லுக்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கோபம் வந்தது. கோபம் வந்த வாயாலேயே "சாப்பிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே நின்றபடியே, "நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒம் பேரத்தான் மொதல்ல சொன்னா" என்றார். பிறகு ரிமோட்டை எடுத்தார். "பூட்டிரவா? பூட்டினா அங்க கொண்டு போயி தெனமும் கேக்கலாம்."

வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே அது விமானத்தில்தான் புரிந்தது. அப்பா அம்மா இல்லை, அக்காவும் இல்லை. கண்டிக்குப் போக எனக்கு வேறு காரணம் மிச்சமில்லை.

போன வாரம் நேச்சர் ஸ்ட்ரிப்பில் ஒரு நல்ல மெஷின் கிடப்பதாக மார்கரெட் ஓடிவந்து சொன்னாள். எனக்கு இனித் தேவையில்லை என்றேன். டிஸ்க் இங்கே என் அலுமாரியில் இருக்கிறது. மெஷின் அங்கே, அக்காவின் பழைய சேலையில் சுற்றி, அத்தானின் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது கொண்டு வா என்றுதானே அவள் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொண்டு போவேன்.