மாடு ஜெயிக்காத கோப்பை

காரைக்குடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மஞ்சுவிரட்டுக்குப் பேனர் வேண்டும் என்று திருப்பத்தூர்ப் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். படம் எடுக்கப் போனேன். நாற்பது வயதிருக்கும், முறுக்கிய மீசை. பேசும்போது இரண்டு கட்டைவிரல்களும் எதையோ அமுக்குவதுபோல் ஆடிக்கொண்டே இருந்தன.

யார் கையிலும் சிக்காத அவருடைய காளை வாங்கிய பரிசுகள் வீட்டை அடைத்துக் கிடந்தன. பீரோ, கட்டில், பாலித்தீன் உறை பிரிக்காத சைக்கிள்கள்.

“பரிசெல்லாம் பின்னால தெரியிற மாதிரி நில்லுங்கண்ணே” என்றேன்.

அவர் டிவியைப் போட்டு, கன்ட்ரோலரை எடுத்துக் கட்டைவிரல்களால் பட்டன்களை அமுக்கி ஏதோ வீடியோ கேமைத் திறந்தார். திரையின் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கோப்பை மின்னியது.

“இதையும் பேனர்ல போட்றுங்க. தோத்துத் தோத்துக் கடைசியாக் கெடச்சது.”

“கையில எடுத்துக் காட்டக்கூட முடியாது. இத வச்சு என்ன செய்யப் போறீக?”

“பீரோவும் கட்டிலும் மாடு ஜெயிச்சது. அது ஓடுச்சு, நான் வேடிக்கை பாத்தேன். இது ஒண்ணுதான் நான் ஜெயிச்சது.”

எனக்கு அது விளையாட்டுப் புத்தியாகப் பட்டது. இருந்தாலும் காளையின் கொம்புக்குப் பக்கத்தில் பெரிதாகவே போட்டுக்கொடுத்தேன்.

மஞ்சுவிரட்டு அன்று நானும் போயிருந்தேன். பேனரைப் பார்த்து ஒருவர் மாட்டுக்காரரிடம் கேட்டார்.

“இந்தக் கோப்பை எந்த ஊர்ல வாங்குனீக?”

“வீட்லதான்” என்றார்.

கேட்டவர் சிரித்துவிட்டுக் காளையைத் தட்டிக்கொடுக்கப் போய்விட்டார். அவர் மட்டும் பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கட்டைவிரல்கள் அசையவே இல்லை.