வாய் திறக்காமல் பார்த்த ஆட்டம்

காரைக்குடியில் எங்கள் நூலகத்தில் ஞாயிறுதோறும் பலகை விளையாட்டு உருவாக்கக் கற்றுத் தருகிறார்கள். நானும் ஓர் அட்டையில் கட்டம் போட்டு, செக்காலையிலிருந்து அரியக்குடி கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றிப் போகும் விளையாட்டைச் செய்தேன். நன்றாக இருந்தால் நூலக அலமாரியில் வைப்பார்கள்.

சோதனை நாளில், முன்பின் தெரியாத இரு பெண்கள் விதித்தாளைப் படித்துவிட்டு ஆட உட்கார்ந்தார்கள். நூலகர் என்னிடம், "நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. நாளைக்கு அலமாரில டப்பா மட்டுந்தான் இருக்கும். கூடவே நீங்களுமா உக்காந்திருக்கப் போறீக?" என்றார்.

சிறிது நேரத்தில் இரண்டு ஆட்டோக்களும் ஒரே கட்டத்தில் நின்றன. பிந்தி வந்தது செக்காலைக்கே திரும்ப வேண்டும். அந்த விதியை எழுதவே மறந்திருந்தேன்! ஆட்டம் நின்றுவிடும் என்று பயந்து, அதைச் சொல்ல வாயெடுத்தேன், நூலகர் முறைத்தார்.

அதற்குள் ஒரு பெண், "என் ஆட்டோ நெறஞ்சு போச்சு, ரெண்டு பேரை அங்குட்டு ஏத்திக்கிறீகளா?" என்றார். "ஏத்திக்கிறேன், ஆனா நான்தான் முன்னாடி போவேன்" என்று மற்றவர் பேரம் பேச, இருவருக்கும் ஒரே சிரிப்பு. என் விதியில் அந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை. ஒரே கட்டத்தில் நின்றால் பேரம் பேசி ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் விதியையே எழுதிக்கொண்டேன். டப்பா இப்போது அலமாரியில் இருக்கிறது.

இப்போதெல்லாம் புது விளையாட்டு செய்தால், என் வீட்டுக்காரரிடம் விதித்தாளைக் கொடுத்துவிட்டு, வாயில் ஒரு கடலை மிட்டாயைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். அவர் எங்கே தப்பாக ஆடப் போகிறார் என்று பார்க்க எனக்கு அத்தனை ஆவல்.

- மீனாள், செக்காலை