கொழுந்து யாருக்கு, காய் யாருக்கு

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில், மன்னார்க்காரியான மரியநாயகி அக்காவின் பின்வளவில் இருக்கிறேன். நாலு பாய் விரிக்கத்தான் இடம். ஆகஸ்ட் வெயிலிலும் அவருடைய சுரைக்கொடி சுவரேறி மாடி பால்கனியைப் பிடித்திருக்கிறது.

மாடி வீட்டுச் சின்யோரா, ஓர் இத்தாலிய அம்மா, கத்தரிக்கோலோடு குனிந்து, கொடியின் கொழுந்துகளை நறுக்குநறுக்கென்று வெட்டுகிறார். நான் பதறி எழும்புகிறேன்.

"இருங்கோ தம்பி. கொழுந்து அவவுக்கு, காய் எனக்கு. இஞ்சத்தை ஆக்கள் அதைப் பாஸ்தாவோடை அவிச்சுச் சாப்பிடுவினம். முதல் வருஷம் நானும் சண்டைக்குப் போனனான். பிறகு பாத்தா, வெட்ட வெட்டத்தான் பக்கத்தாலை கிளைச்சுக் கூடக் காய்க்குது."

மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்குகிறது. அதில் ஒரு கைப்பிடி பெரிய அவரை விதை. அக்டோபர் மழைக்கு ஊன்றச் சொல்லிக் குரலும் இறங்குகிறது.

அக்காவின் முகம் சுருங்குகிறது. மழைக்காலத்துக்கு மல்லி விதைக்கவென்று அவர் ஒதுக்கியிருக்கும் பாத்தியைக் காலையில்தான் எனக்குக் காட்டினார். இருப்பது அந்த ஒரு பாத்திதான். விதைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார். பிறகு பாத்தியின் நடுவே குதிகாலால் கோடு கிழிக்கிறார்.

"பாதியைக் குடுக்கிறீங்களோ, அக்கா?"

"ஓம். இதிலை காய் அவவுக்கு. கொழுந்தை நான் வறை வறுப்பன்."