கமா அக்கா பார்த்த மூன்று வீடுகள்

அச்சகத்தில் அவருக்குக் கமா அக்கா என்றுதான் பெயர். முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்தவர். ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெரிய பெரிய எழுத்தாளர்களை எல்லாம் அச்சேறுவதற்கு முன்பே மூன்று தடவை படித்தவர். ஆனால் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவர்கள் மாடிக்குப் போய் முதலாளியோடு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கீழே, ஜன்னல் இல்லாத அறையில், அக்கா அவர்கள் விட்ட தப்பைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற மறுவாரம் தம்பியைக் கூப்பிட்டார். "அவங்க இருந்த வீட்டையெல்லாம் ஒரு நடை பாத்துட்டு வரணும்டா."

தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். சொந்தமாக ஒரு பழைய காரும் உண்டு. "செத்துப்போனவங்க வீட்டுக்கா?" என்றார்.

"நீ தினமும் சாகக் கிடக்கிறவங்க வீட்டுக்குப் போறே. நான் ஏதாவது கேட்டேனா?"

நான்கு நாள் லீவ் போட்டுவிட்டுத் தம்பி வந்தார். ஊர் எல்லையைத் தாண்டியதும் பழக்க தோஷத்தில் முன்னால் போன வண்டியையெல்லாம் முந்த ஆரம்பித்தார். "பின்னாடி யாரும் உயிருக்குப் போராடல. மெதுவா போ" என்று அக்கா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

முதல் வீடு ஒரு கதாசிரியருடையது. நினைவு இல்லமாக்கி, வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். அக்கா உள்ளே போகாமல் பலகை முன்னாலேயே நின்றுவிட்டார். 'மறைந்த எழுத்தாளர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மறந்த எழுத்தாளர்' என்று இருந்தது.

"எட்டு வருஷமா அப்படித்தாம்மா இருக்கு. இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார் காவலாளி.

ஒருவழியாக உள்ளே போனார்கள். அந்த மனிதரின் மூக்குக்கண்ணாடி, குடை, செருப்பு எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அக்காவுக்கு ஒன்றிலும் மனம் செல்லவில்லை. வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து தடித்த பேனாவை எடுத்தார். காவலாளி அந்தப் பக்கம் திரும்பி நின்று காது குடைய ஆரம்பித்தார். விட்டுப்போன எழுத்தைச் செருகும் குறியைக் கீழே போட்டு, மேலே 'ை' எழுதிய பிறகுதான் அக்கா காரில் ஏறினார்.

இரண்டாவது வீடு, அக்கா உயிராக நினைத்த நாவலாசிரியருடையது. அந்த மனிதரின் எந்த நாவலை எடுத்தாலும் யாராவது ஒருவர் ஜன்னலில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு அத்தியாயத்தில் ஆறு கிழக்கே ஓடும், இன்னொன்றில் மேற்கே. எது சரி என்று அக்கா புரூஃப் ஓரத்தில் கேட்டு அனுப்பியதற்கு 'இரண்டும்' என்று பதில் வந்தது.

அந்த வீடு இப்போது பல் ஆஸ்பத்திரி. அவர் எழுதிய அறையில் சாய்வு நாற்காலியும் விளக்கும் இருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. "பேஷன்ட்டும் கூட ஒருத்தரும் மட்டும்தான் உள்ள போகலாம்" என்று சொல்லிவிட்டாள் சீட்டு எழுதும் பெண்.

தம்பிக்கு ஆறு மாதமாகக் கடவாய்ப் பல்லில் வலி. போய்க் காட்டு, காட்டு என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். இப்போது தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, "எழுதிக்கோம்மா. கீழ் வரிசை, வலது பக்கம்" என்றார்.

டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டிருக்க, அக்கா மெதுவாக ஜன்னலுக்குப் போனார். நான்கடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் பாசி பிடித்த ஒரு தண்ணீர்க் குழாய். வேறொன்றும் இல்லை.

"டாக்டர், ஆறு எந்தப் பக்கம்?"

"இந்த ஊர்லயா? அந்தக் குழாய்ல வர்ற தண்ணிய விட்டா இங்க வேற எதுவும் ஓடலைங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அழுகை போலத்தான் வந்தது. பிறகு சிரிப்பு. "மனுஷன் என்னமா புளுகியிருக்காரு. பன்னெண்டு நாவல்டா" என்றார். தம்பியால் "ஆ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. பல் வெளியே வந்துவிட்டது.

மூன்றாவது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கவிஞர் இறந்து மூன்று வருடம். மகள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா வீட்டைப் பாக்கவா? வாங்க, தரை ஈரம், பாத்து வாங்க" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பேச்சு அம்மாவைப் பற்றிப் போயிற்று.

"அம்மாவுக்கு உலகத்துலயே ஒரே ஒரு விரோதிதாங்க. அச்சகத்துல யாரோ ஒரு பொம்பளை. அம்மாவோட கமாவையெல்லாம் தின்னுடுவாளாம். அவளை ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் காலையில காப்பியே குடிப்பாங்க."

கன்னம் வீங்கியிருந்த தம்பி மின்விசிறியைப் பார்த்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது நான்தாங்க. ஆனா எல்லாத்தையும் தின்னல. நாப்பது இருந்த இடத்துல பதினொண்ணை விட்டுவெச்சேன்."

மகள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் ஒரு காகிதக்கட்டோடு திரும்பி வந்தாள். கவிஞர் கடைசியாக எழுதியவை, அறுபத்துநாலு கவிதைகள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'அந்தப் பொம்பளை பார்க்காமல் இதை அச்சுக்குக் கொடுக்காதே.'

"ரெண்டு தடவை அச்சகத்துக்கு போன் பண்ணினேன். அப்படி யாரும் குறிப்பா இல்ல, எல்லாரும்தான் பாக்கறாங்கன்னுட்டாரு முதலாளி. அப்படியே கிடக்குது."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு, "பென்சில் இருக்கா?" என்று கேட்டார்.

தம்பி தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, பல் எடுத்த கணக்கில் இன்னும் இரண்டு நாள் லீவ் வாங்கினார். அந்த இரண்டு நாளும் அக்கா கவிஞரின் மேஜையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். அறுபத்துநாலு கவிதையில் ஒரு கமா கூட இல்லை. வீம்புக்கு விட்டாரா, வழிக்கு வந்துவிட்டாரா என்று தெரியவில்லை. அக்காவே ஒன்பது போட வேண்டியதாயிற்று.

காகிதக்கட்டை அக்காவே எடுத்துப்போய் அச்சகத்தில் கொடுத்து, கடைசி புரூஃப் வரைக்கும் கூட இருப்பது என்று முடிவாயிற்று. கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். எந்தக் கவிதை முதலில் வர வேண்டும் என்பதில் அங்கேயே இருவருக்கும் தகராறு மூண்டது. மழைக் கவிதை என்றாள் மகள். அதெல்லாம் இல்லை, பல்லில்லாத குழந்தை பற்றியதுதான் என்றார் அக்கா. இருவர் முகத்திலும் சந்தோஷம். தம்பி இஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.